சம்பள நாளும் கடைத்தெருவும்: சுங்கை பட்டாணியில் வணிகம் இடம் மாறிய விதம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள சுங்கை பட்டாணியில் பழைய கடைத்தெரு ஏன் இளைத்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பேரங்காடிகள் வந்தன, ஜாலான் இப்ராஹிம் படுத்துவிட்டது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரங்காடிதான் காரணம் என்றால் எல்லாக் கடைகளும் ஒன்றாகப் படுத்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. மளிகைக் கடைகள் ஒவ்வொன்றாகக் கதவை இழுத்துவிட்டன. நகைக்கடைகள் விளக்குகளைக் கூட்டிக்கொண்டு நிற்கின்றன. பாத்திரக் கடைகள் பூசைச் சாமான் கடைகளாக மாறிவிட்டன. அடகுக்கடைக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிச் சீருடை விற்ற துணிக்கடைகள் போய்விட்டன, சேலை விற்கும் துணிக்கடைகள் இருக்கின்றன. இப்படி ஒன்றை விட்டு ஒன்றைப் பொறுக்கிச் சாய்க்கிற வேலையைப் பேரங்காடி செய்யாது.

நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். இந்த ஆய்வில் இரண்டு கடைகளைப் பின்தொடர்கிறேன்: ஒன்று மளிகைக் கடை, மற்றொன்று சேலைக் கடை. இரண்டும் ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில் இருந்தவை. கடைக்காரர்களின் பெயரும் கதவெண்ணும் இங்கே வேண்டியதில்லை. கணக்குப் புத்தகங்களைப் புரட்டியபோது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான். தோட்டத்து ஊரில் கடை எங்கே நிற்கும் என்பதைக் கூலி முடிவு செய்கிறது: அது எந்த நாளில், எந்த உருவில், எந்த வழியாக வீட்டுக்குப் போய்ச் சேருகிறது என்பது. சாலையும் கட்டடமும் அதற்குப் பிறகுதான்.

ஊரைச் சுற்றித் தோட்டம், நடுவில் ஒரு தெரு

1909-இல் பாங்காக் உடன்படிக்கையின்படி கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரிடம் வந்தது. அடுத்த ஆண்டே உலகச் சந்தையில் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. சுங்கை பட்டாணி இருக்கும் கோலா மூடா மாவட்டத்தில் காடு வெட்டி ரப்பர் நட்டார்கள். தமிழகத்திலிருந்து ஆள் வந்தது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வடக்கே போட்ட ரயில் பாதை 1915-இல் அலோர் ஸ்டாரை எட்டியபோது சுங்கை பட்டாணி அந்தப் பாதையில் ஒரு நிலையமாக அமைந்தது. வடக்கு தெற்காக ஓடிய நெடுஞ்சாலையே ஊருக்குள் ஜாலான் இப்ராஹிம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா நினைவாக 1936-இல் எழுப்பிய மணிக்கூண்டு இன்னும் அதன் ஓரத்தில்தான் நிற்கிறது.

வடக்கே பீடோங், மேற்கே செமிலிங், கிழக்கே கோலா கெட்டில், தெற்கே பாடாங் செராய் என்று எந்தப் பக்கம் போனாலும் தோட்டம்தான். தோட்டங்களுக்குள் குறுக்குத் தொடர்பு குறைவு. எல்லாப் பாதைகளும் ஊரில் வந்துதான் சேரும். ஆகவே ஒரு தோட்டத்தில் பெண் எடுத்து மற்றொரு தோட்டத்துக்குக் கொடுப்பதாக இருந்தாலும் சேலை எடுக்க ஜாலான் இப்ராஹிமுக்கு வந்தாக வேண்டும். அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய சௌகரியம். அதைத் தங்கள் திறமை என்று அவர்கள் நினைத்துக்கொண்டதில் எனக்கு வியப்பில்லை.

சம்பள நாள்

மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தை வணிகச் சட்டமாக யாரும் படிப்பதில்லை. படிக்க வேண்டும். மாதம் முடிந்து 7-ஆம் நாளுக்குள் கூலி கைக்கு வந்துவிட வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. கூலியை எங்கே, எப்படி, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக் கூடாது என்கிறது 26-ஆம் பிரிவு. மதுக்கடையிலோ சில்லறைக் கடையிலோ வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று 28-ஆம் பிரிவு தடுக்கிறது. இப்படி எழுதி வைக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

தோட்டத்துக் கூலியை முதலில் பிடித்துக்கொண்டது கள்ளுக்கடை. அதை எதிர்த்துத்தான் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. 1947-இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் அவர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டார்கள். அது கைதிலும் காவல்துறையுடனான மோதலிலும் போய் முடிந்தது. ஹார்வர்ட் தோட்டம் அந்த இயக்கத்தின் மையம். அதைச் சமூகச் சீர்திருத்தம் என்றும் தொழிலாளர் போராட்டம் என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் உண்மை. கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது: சம்பள நாளில் காசு தோட்டத்து எல்லைக்குள்ளேயே கரைவதா, வீட்டுக்குப் போவதா என்ற சண்டை அது. வீட்டுக்குப் போன காசுதான் பிறகு பஸ் ஏறி ஊருக்கு வந்தது.

ஊருக்கு வந்த காசை மளிகைக் கடை பிடித்த விதம் கடன். தோட்டத்துக்குள் சிறு கடை ஒன்று இருக்கும். அவசரத்துக்கு வெங்காயம், மண்ணெண்ணெய், சிகரெட் எல்லாம் அங்கே. மாதச் சாமான் மட்டும் ஊரிலிருந்து வரும். அரிசி மூட்டை, தேங்காயெண்ணெய் டின், பருப்பு, மிளகாய், மாவு இவையெல்லாம் கடையின் வேனில் தோட்டத்துக்குப் போய் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலில் இறங்கும். பணம் அப்போது கிடையாது. உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் புத்தகம், அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். ஒன்று வாடிக்கையாளரிடம், ஒன்று கடையில். எழுதுவது இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். சம்பளத்துக்கு மறுநாள் குடும்பத்தலைவி பஸ்ஸில் வந்து பழைய பாக்கியை அடைத்து, புதிய மாதத்துப் பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போவார்.

நான் பின்தொடரும் மளிகைக் கடையில் அந்தக் காலத்துப் புத்தகங்கள் சில மிச்சமிருக்கின்றன. நீல மையில் சாமான்கள், அவற்றுக்கு நடுவே சிவப்பு மையில் வேறு வகைச் செலவுகள்: "மருத்துவமனை பஸ் காசு", "பள்ளிக் கட்டணம்", "திருப்பணி நன்கொடை". மளிகைக் கடை கைமாற்றும் கொடுத்திருக்கிறது. அதற்கு வட்டி போட்டதாக எங்கும் எழுதவில்லை. சாமான் விலையில் அது ஏறியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். 150 குடும்பங்கள், குடும்பத்துக்கு மாதம் 200 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால்கூடக் கடைக்காரரின் பணம் 30,000 ரிங்கிட் எப்போதும் வெளியே நிற்கும். அதை அவர் எந்தப் பத்திரமும் வாங்காமல் கொடுத்தார் என்றால் அதற்கு ஒரே பிணை தோட்டத்து வேலைதான். ஆள் எங்கேயும் போக முடியாது. வீடு வேலையோடு ஒட்டியது, வேலை தோட்டத்தோடு ஒட்டியது. தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் ஒரு வார்த்தை கேட்டால் ஆள் இருக்கிறாரா, வேலைக்கு வருகிறாரா என்று தெரிந்துவிடும்.

சேலைக் கடைக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே கடன் மிகக் குறைவு. தீபாவளி, பொங்கல், தைப்பூசம், கல்யாணம், காதுகுத்து என்று ஆண்டுக்குச் சில முறை குடும்பமாக வருவார்கள், போனஸ் கையிலிருக்கும்போது வருவார்கள். மளிகைக் கடை மாதக் கூலியை நம்பியது. சேலைக் கடை ஆண்டின் சேமிப்பை நம்பியது. பின்னால் இரண்டும் பிரிந்த இடம் இதுதான்.

பிணை அறுந்தது

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை, ஒரே காரணத்தாலும் வரவில்லை.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அதே பரப்பில் ஆள் குறைவாகப் போதும். அந்த ஆளும் காலப்போக்கில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வரத் தொடங்கினார். இன்னொரு பக்கம், பக்கத்து மாநிலமான பினாங்கு. பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக மண்டலம் 1972-இல் தொடங்கியது. பினாங்குத் தீவுக்குப் பாலம் 1985-இல் திறந்தது. தொழிற்சாலை பஸ்கள் விடியுமுன் தோட்டத்து முச்சந்திகளுக்கு வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் வந்தபோது அந்தப் பக்கமும் பஸ் ஓடியது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுதும் 1994-இல் திறந்துவிட்டிருந்தது.

வேலை போனால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால், தோட்டத்தை விட்டவர்கள் முதலில் தேடியது வீடு. மலிவு விலை வீட்டுக்கு 1982-இல் அரசு வைத்த உச்ச விலை 25,000 ரிங்கிட். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தையும் வங்கிக் கடனையும் சேர்த்து, ஊரைச் சுற்றி முளைத்த தாமான்களில் (புதுக் குடியிருப்புகளில்) வீடு வாங்கினார்கள். அந்தத் தாமான்களில் பெரும்பாலானவை ரப்பர் மரம் நின்ற நிலத்தில்தான் எழுந்தன. தாத்தா பால் வெட்டிய நிரையில் பேரன் வீட்டு வாசல் இருப்பது இங்கே அரிதான செய்தி இல்லை.

இப்போது மளிகைக் கடைக்காரரின் நிலையைப் பாருங்கள். ஒரே லயத்தில் வரிசையாக இருந்த முப்பது குடும்பங்கள் பத்துத் தாமான்களுக்குச் சிதறிவிட்டன. வேன் இப்போது எங்கே போவது? கிராணியிடம் கேட்டுச் சரிபார்க்கிற வழியும் போய்விட்டது. கூலி தோட்டத்து அலுவலகத்து மேசையில் எண்ணிக் கொடுப்பதாக இல்லாமல், வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியது. சம்பள நாள் என்ற ஒரே நாள் கலைந்து, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு தேதி என்றானது. 555 புத்தகம் வாழ்ந்ததே அந்த ஒரே நாளை நம்பித்தான்.

மோட்டார் சைக்கிளை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஹோண்டா இ.எக்ஸ்.5 வாங்கியவன் பஸ் தடத்துக்குக் கட்டுப்பட்டவன் அல்லன். பஸ்ஸில் வந்தவர் மாதம் ஒருமுறை பெரிய பையோடு வந்தார். மோட்டார் சைக்கிளில் வருகிறவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், கூடையில் அடங்குகிற அளவு வாங்குகிறார். வீட்டுக்குப் போகிற வழி ஜாலான் இப்ராஹிம் அல்ல.

இதில் கெடாவுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். சுங்கை பட்டாணியில் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போகிறார்கள்; அப்பாவோ அம்மாவோ பினாங்குத் தொழிற்சாலையில் வேலை செய்தால் அவர்களுக்கு வெள்ளிக்கிழமை வேலை. குடும்பம் முழுதும் சேர்ந்து வெளியே கிளம்ப மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளில் துணி எடுக்க வேண்டும், சாப்பிட வேண்டும், பிள்ளைக்கு விளையாட்டு இடம் வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும். இந்த எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொடுக்கிற இடத்துக்குப் போவதில் என்ன துரோகம்? பேரங்காடியின் பங்கு இவ்வளவுதான்: சனிக்கிழமையை அது வாங்கிக்கொண்டது. மாதச் சாமான் அதற்கு முன்பே தெருவை விட்டுப் போய்விட்டது.

சுற்றுச்சாலை நடுச்சாலையானது

ஜாலான் இப்ராஹிமின் நெரிசலைத் தவிர்க்கக் கிழக்கே ஒரு சுற்றுச்சாலை: ஜாலான் லெஞ்சோங்கான் தீமோர், மலாயில் 'கிழக்குச் சுற்றுச்சாலை'. ஊரைத் தொடாமல் போக வேண்டியவர்களுக்கான சாலை என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் பெரிய அரசு மருத்துவமனையான சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையின் முகவரி இன்று அந்தச் சாலைதான். பண்டார் அமான் ஜெயாவின் வீடுகளும் பேரங்காடியும் அந்தப் பக்கம். மருத்துவமனைக்கு வருகிறவர்கள் சாப்பிட வேண்டும், தாதியர்கள் வாடகைக்குத் தங்க வேண்டும். கடைகள் தானாக வந்தன. வேறொரு பக்கம் லாகெண்டா ஹைட்ஸ், அங்கே இன்னொரு பேரங்காடி. பழைய நடுவூரை ஒட்டி செண்ட்ரல் ஸ்குவேர் பேரங்காடி. செமிலிங் சாலையில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்தபின் அந்தப் பக்கமும் மாணவர்களை நம்பிச் சாப்பாட்டுக் கடைகள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோலா மூடா மாவட்டம் 5 லட்சத்து 45 ஆயிரம் பேரைத் தொட்டது. தலைநகர் அலோர் ஸ்டார் இருக்கும் கோத்தா ஸ்டார் மாவட்டத்தை விட அதிகம். இத்தனை பேருக்கு ஒரே கடைத்தெரு என்பது எப்படியும் நடக்காது.

ஆனால் தேவைக்கேற்பத்தான் கடைகள் கட்டப்பட்டன என்று நினைத்தால் தவறு. தோட்ட நிலம் தாமானாவதன் சட்ட வழியைப் பார்த்தால் புரியும். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்க தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவின்படி தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். விவசாய நிலம் என்ற வகையைக் கட்டட நிலமாக மாற்ற 124-ஆம் பிரிவில் விண்ணப்பித்து, மாநில அரசுக்குப் பிரீமியம் என்ற கட்டணம் கட்ட வேண்டும். நிலம் மாநிலத்தின் அதிகாரம். மாநிலத்துக்குச் சொந்த வருமானம் தருகிறவற்றில் நிலம் முக்கியமானது. பிறகு நகராண்மைக் கழகத்துக்கு மதிப்பீட்டு வரி. மலிவு வீடுகளில் மேம்பாட்டு நிறுவனத்துக்கு லாபம் குறைவு. அதை ஈடுகட்டுவது முன்வரிசைக் கடைவீடுகள். ஆகவே ஒவ்வொரு தாமானும் சாலையைப் பார்த்தபடி ஒரு வரிசை இரண்டு மாடிக் கடைகளோடு பிறக்கிறது. மாநிலத்துக்குப் பிரீமியம் வந்துவிட்டது, நிறுவனம் விற்றுவிட்டது, வங்கி கடன் கொடுத்துவிட்டது, கழகத்துக்கு வரி வருகிறது. கடை நிரம்புமா என்ற கேள்வியில் இவர்களில் யாருக்கும் நட்டம் இல்லை. நட்டம் அந்தக் கடைவீட்டைச் சேமிப்பாக நினைத்து வாங்கிய ஆசிரியருக்கும் லாரி முதலாளிக்கும்தான். வடக்கத்திய ஊர்கள் பலவற்றில் காலியான மேல்மாடிகளைச் சன்னல் அடைத்து, விலைபோகும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கவும் விட்டார்கள். கீழே யாரும் கடை வைக்காவிட்டாலும் மேலே குருவிகளை வரவழைக்க ஒலிபெருக்கியில் வைத்த பறவைக் கூச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வரிசைகளில் உண்மையில் நிலைத்தவை சிறு சங்கிலிக் கடைகள். 1987-இல் கிள்ளானில் ஒரு மளிகைக் கடையாகத் தொடங்கி, 2024 செப்டம்பரில் பங்குச்சந்தைக்கு வந்த 99 ஸ்பீட்மார்ட் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. தாமான் வாசலில் ஒரு கடைவீடு, குளிர்சாதனத்துக்கு அதிகச் செலவு இல்லை, அலங்காரம் இல்லை, மோட்டார் சைக்கிளை வாசலிலேயே நிறுத்தலாம். பழைய மளிகைக் கடையின் வேலையை எடுத்துக்கொண்டது இந்த வகைக் கடை. பேரங்காடியைத் திட்டுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் இதன் வாசலிலேயே பால்டின் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

மளிகைக் கடை எடுத்த முடிவுகள்

நம் மளிகைக்காரர் முட்டாள் அல்லர். வாடிக்கையாளர் தாமான்களுக்குப் போவதை அவரும் பார்த்தார். 1990களில் ஒரு தாமான் முன்வரிசையில் கடைவீடு ஒன்றை வங்கிக் கடனில் வாங்கி, தம்பியை அங்கே உட்கார வைத்தார். நியாயமான முடிவு. ஆனால் கடன் புத்தகத்தையும் கூடவே எடுத்துப்போனார். தோட்டத்தில் கடன் திரும்பி வந்ததற்குக் காரணம் வாடிக்கையாளரின் நாணயம் என்று அவர் நம்பினார். நாணயம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தாமானில் ஒருவர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டால் யாரிடம் கேட்பது? பாக்கி வராமல் நின்ற பெயர்களைப் பேரேட்டில் பார்த்திருக்கிறேன். பலவற்றின் எதிரே "பார்க்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தது.

இதே நேரத்தில் பழைய கடையில் வாடகை அடி விழுந்தது. 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. இடைக்காலம் 1999 டிசம்பர் 31-உடன் முடிந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அது எழுப்பிய கூச்சலை எல்லாரும் அறிவர். சிற்றூர்களில் அது சத்தமில்லாமல் நடந்தது. போருக்கு முந்தைய கடைவீட்டில் பல ஆண்டுகளாக அற்ப வாடகையில் இருந்தவர்களுக்கு 2000-க்குப் பிறகு சந்தை வாடகை வந்தது. நம் மளிகைக்காரரின் கட்டடமும் அந்த வகைதான், ஓட்டுக் கூரையும் ஐந்தடி நடைபாதையும் நடுவே வானம் தெரிகிற முற்றமுமாக. விற்பனை குறைகிற அதே ஆண்டுகளில் வாடகை ஏறியது. அவர் கணக்கில் இந்த இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற இடம் தெளிவாகத் தெரிகிறது.

மிச்சத்தை முடித்தது பொருள் சேவை வரி. 2015 ஏப்ரல் 1 முதல் 6 விழுக்காடு. ஆண்டு விற்பனை 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இந்த வரம்பு விற்பனையைப் பார்த்தது, லாபத்தைப் பார்க்கவில்லை. அரிசியும் எண்ணெயும் விற்கிறவருக்கு லாபம் மெலிது, விற்பனைத் தொகை பெரிது. எளிதில் வரம்பைத் தாண்டிவிட்டார். அரிசிக்கு ஒரு விதி, மசாலாத் தூளுக்கு இன்னொரு விதி என்று ஒவ்வொரு ரசீதையும் பிரித்து எழுத வேண்டியிருந்தது. கணினி வாங்கச் சொன்னோம். எழுபது வயதுக்காரர் விசைப்பலகையை ஒரு நாள் பார்த்துவிட்டு மறுநாள் என்னிடம் "இதற்கு மேல் என்னால் ஆகாது தம்பி" என்றார். 2018 ஜூன் 1 அன்று அந்த வரி பூச்சியமாக்கப்பட்டபோது அவருடைய பழைய கடை ஏற்கெனவே காலியாகியிருந்தது. இந்த வரியைப் பற்றி எவ்வளவோ பேசுகிறார்கள். தோட்டத்து ஊர்களின் முதிய மளிகைக்காரர்களை ஒரே வீச்சில் ஓய்வுக்கு அனுப்பியதைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை.

தாமானில் வாங்கிய கடைவீடு மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றியது, கடையாக அல்ல. கீழ்த்தளம் ஒரு கிளினிக்குக்கு வாடகை, மேல்தளம் பிள்ளைகளுக்கான துணைப்பாட வகுப்பு. மளிகையில் நாற்பது ஆண்டு சம்பாதித்ததை விட அந்த ஒரு பத்திரம் அவருக்கு அதிகம் கொடுத்திருக்கிறது. இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

சேலைக் கடை நின்ற காரணம்

சேலைக் கடை நின்றதற்கு முதற்காரணம் சேலை அல்ல, கட்டடம். அந்தக் குடும்பம் 1980களில் கடைவீட்டை விலைக்கு வாங்கிவிட்டது. வாடகைச் சட்டம் போனது அவர்களுக்கு லாபமாகவே அமைந்தது. பழைய கடைத்தெருவில் இன்று பெயர்ப்பலகை மாறாமல் இருக்கிற கடைகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் சொந்தக் கட்டடக்காரர்களாகவே இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இரண்டாவது காரணம், முன்பு சொன்னது: அவர்கள் வாழ்ந்தது மாதக் கூலியில் அல்ல. கல்யாணச் சேலைக்கு ஐந்து பேர் வருவார்கள், மாமியார் தொட்டுப் பார்க்க வேண்டும், நகைக்கடைக்கும் அதே நாளில் போக வேண்டும், தாலிக்குப் பொன்னுருக்க நாள் குறிக்க வேண்டும். இந்தக் கடைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நகைக்கடை இருக்கும் வரை சேலைக் கடைக்கு ஆள் வரும். சேலைக் கடை இருக்கும் வரை பூமாலைக் கடைக்கு ஆள் வரும். பேரங்காடியில் தனித்தனியாக ஒன்றை வைக்கலாம், இந்தக் கூட்டத்தை வைக்க முடியாது.

அடகுக்கடையும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். 1972-ஆம் ஆண்டு அடகுக்கடைச் சட்டப்படி மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. பழைய மளிகைக் கடை சிவப்பு மையில் எழுதிய கைமாற்று வேலையை இப்போது செய்வது அதுதான். பிணை மட்டும் தோட்டத்து வேலையிலிருந்து கழுத்துச் சங்கிலிக்கு மாறிவிட்டது. பள்ளி திறக்கிற மாதமும் தீபாவளிக்கு மறுவாரமும் அங்கே வரிசை நிற்கும்.

மூன்றாவதாக, தெருவுக்குப் புதிய கால்கள் வந்தன. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் இந்தத் தெருவுக்குத்தான் வருகிறார்கள். அவர்களிடம் கார் இல்லை. நகர நடுவில் பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன. 2015-இல் வடக்கே பாடாங் பெசார் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியபின் ரயிலும் கொஞ்சம் கூட்டம் சேர்க்கிறது. ஊருக்குப் பணம் அனுப்பும் கடை, கைப்பேசி கடை, மலிவுத் துணி, நேப்பாளச் சாப்பாடு. இவர்களும் மாதச் சம்பளத்தை எண்ணிக்கொண்டு பஸ்ஸில் வந்து, ஒரே நாளில் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டிகள் வந்த அதே முறை. இவர்களைத் தெருவின் சீரழிவு என்று முகம் சுளிக்கிற பழைய கடைக்காரர்கள் உண்டு. தெரு யாருக்காகப் பிறந்ததோ அந்த வகை வாடிக்கையாளர் மறுபடி வந்திருக்கிறார் என்று பார்த்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

சேலைக் கடையின் மகள் அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர். 2020 மார்ச் 18 அன்று கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, கல்யாணங்கள் ஒத்திப்போனபோது கைப்பேசியில் சேலையை விரித்துக் காட்டி விற்கத் தொடங்கினார். அது கட்டுப்பாட்டோடு முடியவில்லை. இப்போது சிரம்பானிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வாங்குகிறார்கள். கூரியர்காரர் மாலையில் வந்து மூட்டையாக எடுத்துப்போகிறார். அத்தனை சேலையையும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கித் தெருவுக்குக் காட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது. ஆகவே கடையை நடுவே தடுத்தார்கள். முன்பாதி, ஐந்தடி நடைபாதையைப் பார்த்த பகுதி, பணம் அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்கு வாடகை. பின்பாதியிலும் மேல்மாடியிலும் சேலை. கல்யாணக் கூட்டம் பக்கவாசல் வழியாக உள்ளே போய், பாயில் உட்கார்ந்து பார்க்கிறது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. முகப்பை விட்டுவிட்டால் கடையென்று எதைச் சொல்வது என்பது அவர் வாதம். மகளின் பதில் கணக்குதான்: முன்பாதி வாடகை கடையின் மின்கட்டணத்தையும் பணிப்பெண் ஒருவரின் சம்பளத்தையும் கட்டுகிறது, குறைந்தபட்ச சம்பளம் 2013-இல் 900 ரிங்கிட்டாக இருந்தது, 2025-இல் 1,700 ஆகிவிட்டது, அதை எங்கிருந்து எடுப்பது? ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது. முகப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வதா, மேல்மாடியையும் வாடகைக்கு விட்டுவிட்டுச் சரக்கை வாடகை குறைந்த தாமான் கடைவீட்டுக்கு மாற்றுவதா என்று இருவரும் என்னிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். தீபாவளி விற்பனையில் கடைக்கு நேரில் வந்து வாங்கியது எவ்வளவு, கைப்பேசியில் போனது எவ்வளவு என்று இந்த ஆண்டு தனித்தனி ரசீது போடச் சொல்லியிருக்கிறேன்.